ஒலிம்பிக் குதிரைக்கு லாயமே வேண்டாமா? 24 மணி நேரமும் புல்வெளியில் வளரும் போட்டிக் குதிரைகள்... இது எப்படி சாத்தியம்?

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடந்த குதிரையேற்றப் போட்டிகளை டிவியில் பார்த்தவர்களுக்கு அந்தக் குதிரைகள் நினைவிருக்கும். எண்ணெய் தடவினது போல மின்னும் உடம்பு, வரிசையாகப் பின்னிய பிடரி, ஒரு தூசு கூட இல்லாத கால்கள். இப்படிப்பட்ட குதிரை எங்கே தூங்கும்? ஏசி போட்ட லாயம், மெத்தை மாதிரி மரத்தூள் படுக்கை, பக்கத்திலேயே ஆள்... இப்படித்தானே நினைப்போம்?

பெரும்பாலான குதிரைகளுக்கு ஏசி இல்லாவிட்டாலும் லாயம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் இங்கிலாந்து, அயர்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளில் போட்டிக்குப் போகும் குதிரைகளில் ஒரு பகுதி, வருஷம் முழுக்க புல்வெளியிலேயே வாழ்கிறது. மழை, பனி, வெயில் எல்லாம் வெளியேதான். காலையில் உரிமையாளர் வந்து சேற்றிலிருந்து பிடித்து, கழுவி, சேணம் போட்டு, பயிற்சி முடித்து, மறுபடியும் அதே வயலில் விட்டுவிடுகிறார்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊட்டி, கொடைக்கானல் சாலைகளில் கேட்பாரற்றுத் திரியும் குதிரைகளைப் பார்த்துவிட்டு, இதுவும் அதுவும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். அது அவிழ்த்து விடுவது. இது லாயத்தில் வைத்து வளர்ப்பதைவிடக் கூடுதல் கணக்கு கேட்கிற வேலை. கணக்கு தப்பினால் குதிரையின் ஒரு சீசன் போகும், சில நேரம் உயிரே போகும். எப்படி என்று பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

பாரீஸ் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, பிரிட்டனின் தங்க மங்கை ஷார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களில் அவர் சாட்டையால் அடிக்கும் பழைய வீடியோ வெளியானதுதான் காரணம். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்இஐ பின்னர் அவருக்கு ஓராண்டு தடை விதித்தது. 'குதிரையை வைத்து விளையாட்டு நடத்துவதே சரியா?' என்ற கேள்வி உலகம் முழுக்கக் கிளம்பியது.

அதற்கு முன்பே, 2022-ல் எஃப்இஐ குதிரைகளின் நலனுக்காக ஒரு தனி ஆணையம் அமைத்திருந்தது. அந்த விவாதங்களில் அடிக்கடி அடிபட்ட ஒரு வார்த்தை 'மீதி 23 மணி நேரம்'. ஒரு குதிரை மேல் மனிதன் உட்காருவது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். மிச்ச 23 மணி நேரமும் அது என்ன செய்கிறது? பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் நின்றுகொண்டிருக்கிறதா?

சுவிட்சர்லாந்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. அங்கே குதிரையைத் தனியாக அடைத்து வைக்க முடியாது, இன்னொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் வழி இருக்க வேண்டும். சவாரிக்குப் பயன்படுத்தும் குதிரையையும் வாரத்தில் குறைந்தது 2 நாளாவது திறந்த வெளியில் சுதந்திரமாக விட்டாக வேண்டும்.

இதில் ஒரு முரண் உண்டு. டுஜார்டின் 2012 லண்டன், 2016 ரியோ என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றது வலேக்ரோ என்ற குதிரையில். அந்தக் குதிரையை வளர்த்தெடுத்த கார்ல் ஹெஸ்டர்தான், விலை உயர்ந்த டிரெஸ்ஸாஜ் குதிரைகளைக் கூட தினமும் வயலில் விட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லி வருபவர். 'இவ்வளவு மதிப்புள்ள குதிரை வயலில் காலை உடைத்துக்கொண்டால்?' என்று எல்லோரும் பயந்த காலத்திலேயே அவருடைய குதிரைகள் வெளியே போய் மண்ணில் புரண்டுவிட்டு வந்தன.

வயிறு சொல்லும் கணக்கு

குதிரையை ஏன் புல்வெளியில் விடணும் என்றால், முதல் பதில் மனசு இல்லை, வயிறு.

அவ்வளவு பெரிய உடம்புக்கு அதன் இரைப்பை மிகச் சிறியது, சுமார் 8 முதல் 15 லிட்டர்தான். நமக்குச் சாப்பிடும்போது அமிலம் அதிகம் சுரக்கும். குதிரைக்கு அப்படி இல்லை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 24 மணி நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிப்பது எச்சில். அந்த எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். அதனால்தான் இயற்கையில் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரை மேய்கிறது.

இப்போது லாயத்தில் என்ன நடக்கிறது? காலையில் ஒரு முறை தானியம், மாலையில் ஒரு முறை தானியம், நடுவில் கொஞ்சம் காய்ந்த புல். அதைத் தின்று முடித்த பிறகு பல மணி நேரம் வெறும் வயிறு. அந்த நிலையில் ஓட விட்டால், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் நிற்கும் அமிலம் மேலே தெறிக்கும். மேல் பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு கிடையாது. விளைவு அல்சர். பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளை எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் இரைப்பையில் புண் இருக்கிறது.

மேய்ந்துகொண்டே இருக்கும் குதிரைக்கு இந்தச் சிக்கல் குறைவு. இன்னொரு சின்ன உத்தியும் உண்டு. சவாரிக்கு முன்னால் ஒரு பிடி குதிரை மசால் கொடுப்பார்கள். ஆமாம், நம்ம ஊர் மாட்டுப் பண்ணைகளில் வளர்க்கிற அதே குதிரை மசால்தான். அதில் இருக்கிற கால்சியம் அமிலத்தைத் தணிக்கும், மென்ற புல் இரைப்பையில் மிதந்து தெறிப்பைத் தடுக்கும்.

மூச்சுக்கும் இது நல்லது. லாயத்தில் காய்ந்த புல்லின் தூசியும் பூஞ்சையும் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும். குதிரைக்கும் ஆஸ்துமா வரும், அதற்கு இந்தத் தூசிதான் பெரிய காரணம். வயலில் தலையைத் தாழ்த்தி மேயும்போது மூச்சுக்குழாயில் இருக்கும் சளி தானாக வழிந்து வெளியேறிவிடும்.

பழைய காலத்தில் வண்டிக் குதிரைகளுக்கு 'திங்கட்கிழமை நோய்' என்று ஒன்று சொல்வார்கள். ஞாயிறு முழுக்க லாயத்தில் நின்று, வழக்கமான தீனியையும் தின்றுவிட்டு, திங்கள் காலை வேலைக்குக் கிளம்பினால் தொடை, முதுகுத் தசைகள் கல்லாக இறுகிவிடும். நடக்கவே முடியாது. ஓய்வு நாளிலும் நடந்துகொண்டே இருக்கும் வயல் குதிரைக்கு இந்த ஆபத்து குறைவு.

சும்மா மேய்ந்தால் ஃபிட்னஸ் வருமா?

2013-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்து ஒரு ஆய்வு வெளியானது. குதிரைகளை மூன்று குழுவாகப் பிரித்து 14 வாரம் பார்த்தார்கள். ஒரு குழு பெரிய மேய்ச்சல் நிலத்தில், ஒரு குழு லாயத்தில் இருந்துகொண்டு வாரம் 5 நாள் உடற்பயிற்சி, மூன்றாவது குழு லாயத்தில் பயிற்சி இல்லாமல். முடிவில், மேய்ச்சல் நிலத்தில் இருந்த குழு பயிற்சி செய்த குழுவுக்கு இணையாக உடல் தகுதியைத் தக்க வைத்திருந்தது. எலும்பு உறுதியிலும் அதற்கே சாதகம்.

ஆனால் இதை வைத்து 'பயிற்சியே வேண்டாம்' என்று முடிவு கட்டக் கூடாது. இருக்கிற தகுதி போகாமல் காப்பது வேறு, ஈவெண்டிங் போட்டியில் பல நிமிடங்கள் காடு மேடு தாண்டி ஓடும் தகுதியை உருவாக்குவது வேறு. அதற்கு ஏற்றத்தில் ஓட்டம், இடைவெளி விட்டு வேகப் பயிற்சி எல்லாம் கட்டாயம் வேண்டும். வயல் தருவது அடித்தளம் மட்டும். இன்னொன்று, அந்த வயல் பெரிதாக இருக்க வேண்டும். கிரிக்கெட் பிட்ச் அளவுக்கு ஒரு துண்டு நிலத்தில் விட்டால் குதிரை நடக்காது, நிற்கும்.

எவ்வளவு நிலம்? பிரிட்டனில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒரு ஹெக்டேருக்கு 2 குதிரை. அதாவது ஒரு குதிரைக்கு சுமார் ஒன்றேகால் ஏக்கர்.

பசும்புல்லே எதிரியாகும் கதை

இங்கேதான் விஷயமே இருக்கு. வெளியில் வளர்ப்பதில் பெரிய ஆபத்து மழையோ பனியோ இல்லை. நல்ல பச்சைப் புல்.

500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் 2 சதவீதம், அதாவது 10 கிலோ உலர் தீனி எடுத்துக்கொள்ளும். வசந்த காலப் புல்லில் 80 சதவீதம் தண்ணீர். அப்படியென்றால் 10 கிலோவுக்காக அது சுமார் 50 கிலோ பச்சைப் புல்லைத் தின்னும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்தின் வயல்களில் அந்தப் புல் முழுக்கச் சர்க்கரை. மாடுகள் பால் நிறையக் கறப்பதற்காகத் தேர்ந்தெடுத்து விதைத்த புல் வகைகள் பல. குதிரைக்கு அது தினமும் மூன்று வேளை கல்யாண விருந்து மாதிரி.

இதனால் வருவதுதான் லேமினைடிஸ். குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் மெல்லிய திசு மடிப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. உடலில் இன்சுலின் அளவு கட்டுப்பாடு இழந்து ஏறும்போது அந்தத் திசுக்கள் பலவீனமாகி விட்டுப்போகும். குதிரையின் மொத்த எடையும் அந்த எலும்பின் மேல்தான் நிற்கிறது. பிடி தளர்ந்தால் எலும்பு உள்ளேயே சுழன்று கீழே இறங்கும். மோசமான நிலையில் அடிக்குளம்பைத் துளைத்தே வெளியே வந்துவிடும். வலியில் குதிரை பின்னங்காலில் எடையைப் போட்டுச் சாய்ந்து நிற்கும். அந்த நிலையைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு புல்லைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

மட்டக் குதிரைகளுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் ஆபத்து அதிகம். ஒல்லியான தரோபிரெட் குதிரைக்குக் குறைவு. 'என் குதிரை தினமும் வேலை செய்யுது, அதுக்கு வராது' என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். காயம் பட்டு 3 வாரம் ஓய்வில் விட்டால் அதே வயல், அதே புல், வேலை மட்டும் இல்லை.

நேரமும் முக்கியம். வெயிலில் புல் சர்க்கரை தயாரிக்கிறது, இரவில் அதை வளர்ச்சிக்குச் செலவு செய்கிறது. அதனால் பிற்பகலில் சர்க்கரை உச்சம், விடியலுக்கு முன் குறைவு. கொழுத்த குதிரையை இரவில் மேயவிட்டு, காலையில் வெளியே எடுப்பது இதனால்தான். ஆனால் உறைபனி விழுந்த இரவில் இந்தக் கணக்கு தலைகீழ். குளிரில் புல் வளராது, சர்க்கரை செலவாகாமல் அப்படியே நிற்கும். பனி மூடிய பளிச்சென்ற வெயில் காலை பார்க்க அழகு, லேமினைடிஸ் குதிரைக்கு அதுதான் மோசமான காலை.

என்ன செய்கிறார்கள்? மின்வேலி நாடாவை தினமும் ஒரு அடி, இரண்டு அடி நகர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் புல் கொடுப்பார்கள். அல்லது வயலின் ஓரத்தைச் சுற்றி ஒரு பாதை போல வேலி கட்டி, ஒரு மூலையில் தண்ணீர், மறு மூலையில் காய்ந்த புல் வைத்து, குதிரையை நடந்துகொண்டே இருக்க வைப்பார்கள். வாயில் ஓட்டை போட்ட முகமூடி மாட்டுவதும் உண்டு. அதன் வழியாகப் புல் நுனி மட்டும்தான் வாய்க்குப் போகும், சாப்பாடு கணிசமாகக் குறையும். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் லாயத்தில் தனியாகப் பட்டினி போடுவதைவிட, முகமூடியோடு கூட்டாளிகள் நடுவே நடப்பது மேல்.

ஹெலிகாப்டர் விதையும் முசாபர்பூர் லிச்சியும்

இலையுதிர் காலத்தில் சிகமோர் என்ற மரத்திலிருந்து இறக்கை வைத்த விதைகள் ஹெலிகாப்டர் மாதிரி சுழன்று வயலில் விழும். பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவார்கள். குதிரை அதைத் தின்றால் 2, 3 நாளில் இறந்துபோகலாம். நோய் வந்த குதிரைகளில் சுமார் 4-ல் 3 பிழைப்பதில்லை.

விதையில் இருப்பது ஹைபோகிளைசின் ஏ என்ற நச்சு. அது உடல் கொழுப்பிலிருந்து சக்தி எடுக்கும் வழியை அடைத்துவிடும். தசைகள் உடைந்து, சிறுநீர் கரும்பழுப்பாகப் போகும், குதிரையால் நிற்க முடியாது.

இந்தப் பெயரை நாம் வேறு இடத்தில் கேள்விப்பட்டிருக்கிறோம். பீகாரின் முசாபர்பூரில் 2014-ல் ஏராளமான குழந்தைகளைத் தாக்கிய மூளைப் பாதிப்பு நோயை ஆராய்ந்தவர்கள், இரவு சாப்பிடாமல் தூங்கிய, லிச்சிப் பழம் தின்ற குழந்தைகளில் இதே நச்சுக்கும் அதன் உறவுக்காரப் பொருளுக்கும் தொடர்பு இருப்பதாக 2017-ல் தெரிவித்தனர். லிச்சியும் சிகமோரும் தாவரவியலில் ஒரே குடும்பம்.

விதையைப் பொறுக்கினால் மட்டும் போதாது. வசந்த காலத்தில் முளைக்கும் நாற்றுகளிலும் அதே நச்சு. அறுத்துப் போட்டாலும், களைக்கொல்லி அடித்தாலும் நச்சு போகாது. மரத்தடியை வேலி போட்டு மறைப்பதும், அந்த மாதங்களில் வேறு வயலுக்கு மாற்றுவதும்தான் வழி. மேயப் புல் இல்லாமல் பசியோடு இருக்கும் குதிரைதான் விதையைத் தேடிப் போகும் என்பதால், அந்தச் சமயத்தில் வயலில் காய்ந்த புல்லும் போடுவார்கள்.

இதே போல ராக்வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடி கல்லீரலைக் கெடுக்கும். பச்சையாக இருக்கும்போது கசப்பு என்பதால் குதிரை தொடாது. காய்ந்த புல்லோடு கலந்துவிட்டால் கசப்பு போய்விடும், நச்சு போகாது. பிரிட்டனில் இந்தச் செடியைக் கட்டுப்படுத்த 2003-ல் தனிச் சட்டமே போட்டார்கள். ஓக் கொட்டை, யூ மர இலை என்று பட்டியல் இன்னும் நீளும். யூ இலையில் கொஞ்சம் போதும், இதயம் நின்றுவிடும்.

சாணி அள்ளுவது யார் வேலை?

கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் வயலில் குதிரை வளர்ப்பவரின் வாரத்தில் பெரிய வேலை இதுதான். சாணியில் இருந்து குடற்புழு முட்டை பொரிந்து, குஞ்சுகள் புல்லில் ஏறி, மறுபடி குதிரை வயிற்றுக்குள் போகும். வாரம் 2 முறையாவது சாணியை அள்ளினால் இந்தச் சுற்று உடையும்.

முன்பெல்லாம் 8 வாரத்துக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு புழு மருந்து கொடுத்தார்கள். அதன் பலனாகப் பல மருந்துகளுக்குப் புழு பழகிவிட்டது. இப்போது சாணியை ஆய்வகத்துக்கு அனுப்பி முட்டையை எண்ணி, தேவைப்பட்ட குதிரைக்கு மட்டும் மருந்து. அதே வயலில் ஆடு, மாட்டை மாற்றி மேய விடுவதும் நல்ல வழி. குதிரைப் புழு அவற்றின் வயிற்றில் பிழைக்காது, குதிரை ஒதுக்கி வைத்த புல்லையும் அவை தின்றுவிடும்.

குளிரில் விட்டுட்டு வர்றது கொடுமை இல்லையா?

நமக்குத்தான் அது கொடுமை. இயற்கையான குளிர்கால ரோமம் வளர்ந்த, ஒதுங்க இடம் உள்ள குதிரை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயும் நிம்மதியாக நிற்கும். அதற்குப் பிடிக்காதது காற்றோடு சேர்ந்த மழை. காய்ந்த புல் பெருங்குடலில் புளிக்கும்போது வெப்பம் உண்டாகும், குதிரையின் ஹீட்டர் அதுதான். குளிர் அதிகமானால் முதலில் கூட்ட வேண்டியது புல்.

ஆனால் போட்டிக் குதிரையில் ஒரு சிக்கல். அடர்ந்த ரோமத்தோடு பயிற்சி செய்தால் வேர்வையில் நனைந்துவிடும். அந்த ஈரத்தோடு வயலில் விட்டால் உடம்பு விறைக்கும். அதனால் ரோமத்தை வெட்டுவார்கள். லாயத்துக் குதிரைக்கு முழுசாக வெட்டலாம். வயல் குதிரைக்குக் கழுத்தின் கீழ்ப்பகுதி, வயிறு என்று வேர்க்கிற இடத்தை மட்டும் வெட்டி, முதுகையும் கால்களையும் விட்டுவிடுவார்கள்.

வெட்டினால் போர்வை கட்டாயம். இலேசான மழைப் போர்வையில் பஞ்சு கிடையாது, நடுத்தரத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிராம், கனமானதில் 300 முதல் 400 கிராம். இதில் நடக்கும் வழக்கமான தப்பு, மனிதன் தனக்குக் குளிருகிறது என்பதற்காகக் குதிரைக்குப் போர்த்துவது. காதைத் தொட்டுப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, போர்வைக்குள் கை விட்டுத் தோள்பட்டைக்குப் பின்னால் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வேர்வை இருந்தால் போர்வை அதிகம். குண்டுக் குதிரைக்கு அதிகப் போர்வை இன்னொரு வகையிலும் கெடுதல். குளிர்காலத்தில் இளைக்க வேண்டிய உடம்பு இளைக்காமல், அப்படியே வசந்த காலப் புல்லுக்குள் நுழையும்.

அப்புறம் சேறு. ஈரத்தில் ஊறிய கால்களில் பாக்டீரியா புகுந்து புண்ணாகும். தினமும் தண்ணீர் அடித்துக் கழுவினால் இன்னும் மோசமாகும். காயவிட்டு பிரஷ் போடுவதுதான் சரி. வெள்ளைக் குதிரை வைத்திருப்பவரிடம் ஜனவரி மாதம் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

உதை வாங்கினால்?

வயலில் விடப் பயப்படுபவர்கள் சொல்லும் முதல் காரணம் காயம். அந்தப் பயம் பொய் இல்லை. குதிரைகள் ஒன்றையொன்று உதைக்கும், கடிக்கும், விரட்டும். புதுக் குதிரையை நேராகக் கூட்டத்தில் தள்ளினால் பிரச்சினை நிச்சயம். சில நாள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்துப் பழக்கி, ஒரு சாதுவான குதிரையோடு சேர்த்து, பிறகுதான் மற்றவை. நிலையான சின்னக் கூட்டம் அமைதியாக இருக்கும், வாரம் ஒரு முகம் மாறும் கூட்டத்தில்தான் சண்டை. அவ்வப்போது மட்டும் வெளியே விடப்படும் குதிரை கேட்டைத் திறந்ததும் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும். எப்போதும் வெளியே இருக்கும் குதிரைக்கு அந்த வெறி கிடையாது, தலையைக் குனிந்து மேயப் போய்விடும்.

முள்வேலி கூடவே கூடாது. மரச்சட்டம் அல்லது பட்டையான மின்வேலி நாடா, சுமார் 4 அடி உயரம். தாண்டும் குதிரைக்கு 4 அடி எம்மாத்திரம் என்று கேட்கலாம். 1956-ல் அமெரிக்காவில் ஹாரி டி லேயர் என்பவர், கசாப்புக் கடைக்குப் போகும் லாரியிலிருந்து 80 டாலருக்கு ஒரு உழவுக் குதிரையை வாங்கினார். பிறகு பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றுவிட்டார். அது வேலியைத் தாண்டித் தாண்டித் திரும்ப வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவரே அதைத் திரும்ப வாங்கிப் பழக்கினார். 1958-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தாண்டல் சாம்பியன் ஆன ஸ்னோமேன் அதுதான். ஆனால் இது விதிவிலக்கு. தோழனும் புல்லும் இருக்கிற இடத்தை விட்டுப் பெரும்பாலான குதிரைகள் தாண்டிப் போவதில்லை.

லாடம் இன்னொரு தலைவலி. சேற்றில் லாடம் கழன்று போகும், பின்னங்கால் லாடத்தோடு உதைத்தால் எலும்பு உடையும். அதனால் பலர் பின்னங்காலுக்கு லாடம் அடிப்பதில்லை. லாடமே இல்லாமல் பெரிய போட்டிக்குப் போக முடியுமா என்றால், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்வீடன் அணி தாண்டலில் தங்கம் வென்றபோது, பெடர் ஃபிரெட்ரிக்சனின் ஆல் இன், ஹென்ரிக் வான் எக்கர்மனின் கிங் எட்வர்ட் இரண்டும் லாடம் இல்லாமல்தான் தாண்டின. ஆனால் அது மணல் தரை. மழையில் நனைந்த புல் சரிவில் ஓடும் ஈவெண்டிங் குதிரைக்கு லாடத்தில் திருகும் பிடிமான ஆணி தேவைப்படும். போட்டி முடிந்ததும் அந்த ஆணியைக் கழற்றாமல் வயலில் விட்டால் ஆபத்து.

போட்டி வாரம்தான் உண்மையான பரீட்சை

சர்வதேசப் போட்டிகளில் குதிரை மைதானத்து லாயத்தில்தான் தங்க வேண்டும். வருஷம் முழுக்க வானத்தின் கீழ் நின்ற குதிரையைத் திடீரென 4 நாள் ஒரு அறைக்குள் அடைத்தால் என்ன ஆகும்? சில குதிரைகள் சுற்றிச் சுற்றி நடந்தே எடையைக் குறைத்துவிடும். கூட்டாளியைக் காணாமல் இரவெல்லாம் கனைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து வயிற்று வலி. பச்சைப் புல்லில் இருந்து காய்ந்த புல்லுக்கு ஒரே நாளில் மாறினால் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் தடுமாறும், தண்ணீர் உட்கொள்வதும் குறையும், குடல் அடைத்துக்கொள்ளும்.

எனவே 10 நாள், 2 வாரம் முன்பே வேலை தொடங்க வேண்டும். போட்டிக்குக் கொண்டுபோகப் போகும் அதே காய்ந்த புல்லை வயலிலேயே கொடுத்துப் பழக்குவது, வாரத்தில் ஓரிரு இரவு லாயத்தில் தங்க வைப்பது, மைதானத்தில் கையில் பிடித்துக்கொண்டு தினமும் சில முறை புல் மேய விடுவது, புல்லைத் தண்ணீரில் நனைத்துக் கொடுப்பது. வேக ஓட்டத்துக்கு முன் சில மணி நேரம் பச்சைப் புல்லில் இருந்து விலக்குவார்கள், வயிற்றில் புல்லும் தண்ணீருமாக நிறைய எடையைச் சுமந்துகொண்டு ஓட முடியாது. ஆனால் முழுப் பட்டினி போடக் கூடாது.

ஊக்கமருந்துச் சோதனை இன்னொரு பயம். மருந்தே கொடுக்காமல் மாட்டிக்கொள்ள முடியும். ஊமத்தைச் செடியில் அட்ரோபின் இருக்கிறது, கசகசாச் செடியில் மார்ஃபின். இவை கலந்த புல்லைத் தின்ற குதிரையின் சோதனையில் பாசிட்டிவ் வரலாம். 'வயலில் தின்றிருக்கும்' என்று சொன்னால் போதாது, குதிரைக்குப் பொறுப்பானவர்தான் நிரூபிக்க வேண்டும். வயலை நடந்து பார்த்து, களைகளை அடையாளம் கண்டு பிடுங்குவது இதனால்தான் போட்டியாளருக்குக் கூடுதல் கட்டாயம். பயணத்திலும் தலையை உயரக் கட்டிப் பல மணி நேரம் கொண்டுபோனால் நுரையீரல் தொற்று வரும், இடையிடையே நிறுத்தித் தலையைத் தாழ்த்த விட வேண்டும்.

எல்லாக் குதிரைக்கும் ஒத்து வருமா?

வராது. மிக வயதான குதிரை, மெலிந்து போகும் குதிரை, கொசு போன்ற சிறு ஈக்கள் கடித்துத் தோலைப் பிய்த்துக்கொள்ளும் அளவுக்கு ஒவ்வாமை உள்ள குதிரை, வேறு குதிரைகளைத் தாக்கும் குதிரை, இவற்றுக்கெல்லாம் பாதி நேரம் லாயம் தேவைப்படலாம். கோடையில் ஈக்கள் மொய்க்கும் பகலில் உள்ளே, இரவில் வெளியே என்று பிரிப்பவர்களும் உண்டு. இதில் தோல்வி ஒன்றும் இல்லை.

மாறாக, சில குதிரைகள் வெளியே இருந்தால்தான் ஜெயிக்கும். மார்க் டாட் என்ற நியூசிலாந்து வீரருக்கு 1984, 1988 என்று அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த சரிஸ்மா, பெரிய குதிரை கூட இல்லை. தீனிப் பிரியம் காரணமாக அதற்கு வைத்த செல்லப்பெயர் 'போட்ஜ்', அதாவது குண்டன். அந்த நாட்டில் போட்டிக் குதிரைகள் போர்வையோடு வயலில் நிற்பது இன்றும் சாதாரணக் காட்சி.

இந்திய வீரர்களுக்கு இது இன்னும் தூரத்து விஷயம். டோக்கியோவில் ஈவெண்டிங்கில் இறுதி வரை போன ஃபவாத் மிர்சா ஜெர்மனியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர். 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குக் குதிரையேற்றத்தில் தங்கம் தந்த டிரெஸ்ஸாஜ் அணியினரும் ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவர்கள்தான். சென்னை போன்ற நகரத்தில் ஒரு குதிரைக்கு ஒன்றேகால் ஏக்கர் புல் என்பதைக் கேட்டாலே சிரிப்பார்கள். உண்ணி, வெயில், நீர் தேங்கும் நிலம் எல்லாம் தனிக் கணக்கு. ஆனாலும் இங்கே லாயம் வைத்திருப்பவர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு. நாள் முழுக்க மெல்ல ஏதாவது புல் முன்னால் இருப்பது, பக்கத்து லாயக் குதிரையின் முகம் தெரியும்படி சுவரைக் குறைப்பது, மணல் தரையாக இருந்தாலும் தினமும் சில மணி நேரம் கயிறில்லாமல் அவிழ்த்து விடுவது.

வயலில் வளர்ப்பவர்கள் தினமும் 2 முறை, காலையும் மாலையும், குதிரையை நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். நாலு காலிலும் சரியாக நிற்கிறதா, குளம்பு சூடாக இருக்கிறதா, லாடம் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி உறைந்துவிட்டதா, போர்வை நழுவியிருக்கிறதா, வேலி அறுந்திருக்கிறதா? டிசம்பர் மாத இங்கிலாந்தில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். மழையில் டார்ச் அடித்துக்கொண்டு, சேற்றில் பூட்ஸ் சிக்க, குதிரையைத் தேடிப் போக வேண்டும். அது வயலின் தூரத்து மூலையில்தான் நிற்கும்.